முழங்காலளவு நீரும் முன்யோசனையும்



பொங்கல் விழா முடிந்து, தவக்காலம் தொடங்குவதற்கு முன்னுள்ள வாரங்களில் நம் பங்குகள் பலவற்றில் ஒரே பேச்சு எழுவது வழக்கம். ஆண்டு முழுவதும் ஒழுங்காக வந்த மறைக்கல்வி மாணவர்களையும், விடியற்காலையில் எழுந்து பீடத்தில் பணிசெய்த சிறுவர்களையும் ஒரு நாளாவது வெளியே அழைத்துச் செல்லவேண்டும் என்பதே அப்பேச்சு. நெடுந்தூரம் செல்லப் பணமில்லை. இரவில் தங்குவதற்குப் பெற்றோர் இசைவதில்லை. ஆகவே, "அரை நாளில் போய்வரக்கூடிய இடமாக இருக்கட்டும்" என்று முடிவாகின்றது. கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் வாழ்வோர்க்கு அப்போது முதலில் நினைவுக்கு வரும் இடம் பிச்சாவரம்.

நல்ல தேர்வுதான். சிதம்பரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில், வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும் கடலோடு கலக்கும் முகத்துவாரங்களுக்கு இடையே, சுமார் 1,100 ஹெக்டேர் பரப்பில் அந்த அலையாத்திக் காடு விரிந்துள்ளது. ஐம்பதுக்கு மேற்பட்ட சிறு திட்டுகளுக்கிடையே ஓடைகள் பின்னிப் பிணைந்து கிடக்கின்றன. சுரபுன்னை மரங்கள் இருபுறமும் வேர்களை ஊன்றி, தலைக்குமேல் பந்தலிட்டு நிற்கின்றன. சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பெயரை அளித்த தில்லை மரமும் அங்கே உண்டு. 2022-ஆம் ஆண்டில் உலகச் சிறப்புமிக்க ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் பிச்சாவரம் இடம்பெற்றது. குளிர்காலத்தில் தொலைநாடுகளிலிருந்து பறவைகள் வந்து தங்குகின்றன. படைத்தவரின் கைவண்ணத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட இதனினும் சிறந்த பாடசாலை வேண்டுவதில்லை.

ஆயினும், இவ்விடத்தைப் பற்றிப் பேசும்போது நாம் சொல்லக்கூடிய ஒரு சொல்லே இன்று என் பொருள். "அங்கே என்ன பயம்? ஆழமே கிடையாதே!" என்கிறோம். அச்சொல்லில் பாதி உண்மை உண்டு. அவ்வோடைகள் பல இடங்களில் முழங்காலளவுதான். சில இடங்களில் இடுப்பளவு. ஆளுயரத்தை மிஞ்சும் இடங்களும் உண்டு. ஆழமான கடலைக் கண்டால் மனிதன் தானாகவே அஞ்சுகிறான், ஆயத்தமாகிறான். ஆழமற்ற நீரைக் கண்டாலோ அஞ்சுவதுமில்லை, ஆயத்தமாவதுமில்லை. ஆழமற்ற நீரின் ஆபத்து இதுவே.

2011-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாளை நாம் மறத்தலாகாது. கிறிஸ்து பிறப்புப் பெருவிழா நாளில், திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டு ஏரியில் உல்லாசமாகப் படகேறியவர்களுள் இருபதுக்கும் மேற்பட்டோர் நீரில் மூழ்கி மாண்டனர். பழவேற்காடும் ஆழ்கடலன்று, ஆழம் குறைந்த உப்புநீர்ப் பரப்பே. படகோ அது தாங்கக்கூடிய அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றிச் சென்றது. அதற்கு முன்னர் 2007-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் நாள், கேரளத்தின் தட்டேக்காட்டில் பள்ளிச் சுற்றுலா சென்ற குழந்தைகளின் படகு கவிழ்ந்து, உடன்சென்ற பெரியோர் உட்பட 18 பேர் உயிரிழந்தனர். அங்கும் படகு தாங்கும் அளவைவிட ஏறியவர் தொகை மிகுதி.  பிள்ளைகளை மகிழ்விக்க வேண்டும் என்ற அன்பு இருந்தது. அந்த அன்போடு இருந்திருக்க வேண்டிய கணக்கு இல்லை.

அன்புக்கும் கணக்குக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து, கட்டி முடிக்கத் தன்னிடம் வசதி உண்டா என்று கணக்குப் பார்ப்பானன்றோ என ஆண்டவரே லூக்கா நற்செய்தியில் கேட்கிறார். திருச்சபை தலையாய நற்பண்புகள் நான்கனுள் விவேகத்தை முதலாவதாக வைத்துள்ளது. முன்மதி என்றும் அதனைக் கூறுவர். மற்ற நற்பண்புகளை வழிநடத்தும் தேரோட்டி அதுவே என்பது மறைவல்லுநர்களின் போதனை. ஆகவே ஓர் அரைநாள் படகுப் பயணத்தை விவேகத்தோடு திட்டமிடுவதும் அறச்செயலே ஆகும். அதனை எவ்வாறு செய்வது என்று ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது, நாள். வடகிழக்குப் பருவமழை பொழியும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மாதங்களில் புயலும் பெருமழையும் எதிர்பாராமல் வரும். ஆறுகளின் வெள்ளமும் இவ்வோடைகளில் வந்து சேரும். ஏப்ரல், மே மாதங்களின் வெயில் குழந்தைகளுக்கு ஆகாது. சனவரி, பிப்ரவரி மாதங்கள் ஏற்றவை. ஞாயிற்றுக்கிழமையை விடச் சனிக்கிழமை நன்று. ஞாயிறு திருப்பலிக்கு உரிய நாள் என்பது ஒரு காரணம். ஞாயிறுகளிலும் விடுமுறை நாட்களிலும் படகுத்துறையில் கூட்டம் மிகும், கூட்டம் மிகுந்தால் அவசரம் மிகும் என்பது மற்றொரு காரணம். முந்திய நாள் மாலையில் வானிலை அறிவிப்பைக் கேளுங்கள். காலையில் இடியோசை கேட்டால் தயக்கமின்றி நிறுத்திவிடுங்கள். ஏமாற்றத்தால் அழும் பிள்ளையை நாம் தேற்றலாம்.

இரண்டாவது, ஓதம். கடலின் நீர் நாள்தோறும் இருமுறை ஏறி, இருமுறை வற்றுகின்றது. ஒவ்வொரு நாளும் அது முந்திய நாளைவிடச் சுமார் ஐம்பது நிமிடம் பிந்துகின்றது. முழுநிலவு, புதுநிலவு நாட்களை ஒட்டி ஏற்றமும் மிகும், வற்றமும் மிகும். பாஸ்காத் திருநாளை முழுநிலவைக் கொண்டு கணிக்கின்ற திருச்சபையின் மக்களாகிய நாம், படகில் ஏறும்போது மட்டும் நிலவை மறக்கலாமா? நம் கரையில் ஓதத்தின் உயர்வு பெரிதன்று. ஆனால் முழங்காலளவே நீருள்ள ஓடையில், ஒரு சாண் குறைந்தாலும் படகு சேற்றில் தட்டும்.

ஆகவே இந்த விதியை மனத்தில் கொள்ளுங்கள்: ஓதம் ஏறிவரும் வேளையில் பயணம் செய்க. ஏறுகின்ற நீரில் படகு தட்டினால் சிறிது நேரம் பொறுமையாய் அமர்ந்திருந்தாலே நீர் தானாகவே அதைத் தூக்கிவிடும். வற்றுகின்ற நீரில் தட்டினால், மறுபடி நீர் ஏறும்வரை பல மணி நேரம் வெயிலில் கிடக்க நேரிடலாம். காலை ஏழு மணி முதல் பதினொரு மணிவரை நீர் ஏறக்கூடிய ஒரு சனிக்கிழமை எதுவென்று தேடுங்கள். அச்சிட்ட அட்டவணை கடலோரத் துறைமுகத்திற்கு உரியது. உள்ளோடைகளில் அதே நேரம் பொருந்தாது. அங்கே சற்றுப் பிந்தியே நீர் ஏறும். அதை அறிந்தவர்கள் அங்கேயே வாழ்கின்ற மீனவரும் இருளர் குலத்தவரும் ஆவர். நீரில் இறங்கிக் கைகளாலேயே இறாலும் மீனும் பிடிக்கும் அந்த எளிய மக்களுக்கு அவ்வோடைகளின் ஒவ்வொரு திருப்பமும் தெரியும். திட்டமிடுவோர் இருவர் ஒரு வாரம் முன்னதாகச் சென்று, அவர்களை மரியாதையோடு அணுகிக் கேட்டு வரட்டும். வறியோரிடமிருந்து கற்றுக்கொள்வதும் நம் பிள்ளைகளுக்கு ஒரு மறைக்கல்விப் பாடமே.

மூன்றாவது, காற்று. வெயில் ஏறியபின் கடலிலிருந்து தரையை நோக்கிக் காற்று வீசத் தொடங்கும். ஆகையால் காலையின் அமைதியில் கிழக்கு நோக்கிச் சென்று, காற்று எழும்போது மேற்கு நோக்கித் திரும்புதல் வேண்டும். உள்நோக்கி ஏறிவரும் ஓதமும், கடற்காற்றும், துடுப்புப் போட்டுக் களைத்த கைகளுக்கு அப்போது துணைசெய்யும். போகும்போது எளிதாகவும் வரும்போது கடினமாகவும் இருக்கும் பயணமே மக்களை ஏமாற்றுகின்றது. பாவ வழியும் அத்தகையதே அன்றோ!

நான்காவது, நேரம். அரைநாள் என்றால் நான்கு மணி நேரமும் நீரில் இருத்தல் என்று பொருளன்று. வந்து சேரவும், இறங்கி ஏறவும், உணவருந்தவும் நேரம் வேண்டும். இரண்டு மணி நேரப் படகோட்டமே சிறுவர்க்குப் போதும். அதிலும் திரும்பும் நேரத்தை முதலிலேயே குறித்துவிட வேண்டும். ஏழரைக்குப் புறப்பட்டால் எட்டேகாலுக்குத் திரும்புவது என்று வைத்துக்கொள்வோம். அப்போது எங்கே இருந்தாலும், எவ்வளவு அழகான காட்சி அடுத்த வளைவில் காத்திருந்தாலும், படகுகள் திரும்பியே ஆகவேண்டும். மிச்சமாகும் அரைமணி எதிர்பாராத தடைகளுக்கு உரியது. அதைச் செலவழிக்காமல் கரையேறினால், அது வீணாயிற்று என்று எண்ணவேண்டாம்.

ஐந்தாவது, படகும் அணிகலனும். அங்குத் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாம் உள்ளது. அனுபவமிக்க ஓட்டுநரோடு துடுப்புப் படகுகள் கிடைக்கின்றன. கரையில் யாரோ குறைந்த கூலிக்கு அழைக்கிறார் என்று வேறு படகில் ஏறாதீர்கள். உயிர்காப்பு மேலுடையை ஒவ்வொருவரும் அணியவேண்டும். பெரியவர்களும் குருக்களும் கன்னியரும் இதற்கு விலக்கல்லர். பெரியவர் அணியாததைப் பிள்ளை அணியாது. மேலுடை அளவாக உள்ளதா என்று அறிய எளிய வழியுண்டு: எல்லா வார்களையும் இறுக்கியபின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். முகவாயைத் தாண்டி நழுவினால் அது அப்பிள்ளைக்கு உரியதன்று. சிறியதாக வேறொன்று கேளுங்கள்.

காலுக்கு வாருள்ள செருப்பு வேண்டும். சேற்றிலிருந்து ஆணிபோல் மூச்சுவேர்கள் நீட்டிக்கொண்டிருக்கும். சுரபுன்னையின் ஊன்றுவேர்களில் ஒட்டியுள்ள சிப்பிகள் கத்திபோல் அறுக்கும். தில்லை மரத்தின் கிளையை ஒடிக்கக்கூடாது. அதன் பால் கண்ணில் பட்டால் கடும் எரிச்சலும் பார்வைக்குக் கேடும் விளையும். தலைக்குத் தொப்பியோ துண்டோ, ஆளுக்கொரு குப்பி குடிநீர், முதலுதவிப் பெட்டி, ஒவ்வொரு படகிலும் ஓர் ஊதல், ஒரு நீண்ட கயிறு, நீர் புகாத உறையிலிட்ட கைப்பேசி - இவை போதும். மின்கருவிகளால் பாட்டு முழக்க வேண்டாம். பறவைகளுக்கும் அமைதி தேவை, நமக்கும் தேவை.

நீரில் இருக்கும்போது ஒருவரும் எழுந்து நிற்கலாகாது. புகைப்படம் எடுப்பதற்காக எல்லாரும் ஒரே பக்கம் சாய்வது படகைக் கவிழ்க்கும் செயல். படகு சேற்றில் தட்டினால், "நான் இறங்கித் தள்ளுகிறேன்" என்று எந்த இளைஞனும் குதிக்கக்கூடாது. அச்சேறு முழங்காலைப் பற்றினால் எளிதில் விடாது. இழுக்க முயல்பவனையும் தடுமாறச் செய்யும். ஓட்டுநர் தம் கழியால் ஊன்றித் தள்ளும்வரை அமர்ந்திருப்பதே உதவி. யாரேனும் நீரில் விழுந்தால், நீந்தத் தெரியாதவர் பின்னால் குதிப்பது இரண்டு சாவுகளுக்கு வழி. துடுப்பை நீட்டுங்கள், கயிற்றை வீசுங்கள். மூழ்கியவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுழற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் பழைய தவறான முறைகள். மூச்சில்லையெனில் கெட்டியான தரையில் மல்லாக்கக் கிடத்தி, வாய்வழியாக மூச்சூட்டி, மார்பை அழுத்தும் சிகிச்சையை உடனே தொடங்கி, 108 என்னும் எண்ணுக்குச் சொல்லவேண்டும். இதைப் பயின்றவர் ஒருவரேனும் குழுவில் இருத்தல் அவசியம். நம் பங்குகளில் செவிலியர்க்குக் குறைவில்லை, அவர்களை அழையுங்கள்.

ஆறாவதாக வருவதே எல்லாவற்றிலும் கடினமானது. அது எண்ணிக்கை. ஒரு படகில் இத்தனை பேர் என்று ஓட்டுநர் சொல்கிறார். கரையில் இன்னும் இரண்டு பிள்ளைகள் நிற்கின்றனர். ஒரு தாய், "சாமி, இவனை மடியில் வைத்துக்கொள்கிறேன், இவனுக்கு என்ன எடை?" என்று கெஞ்சுகிறாள். ஓட்டுநர் பங்குத்தந்தையின் முகத்தைப் பார்க்கிறார். "சாமியே சொன்னால் சரி" என்று அவர் இணங்கிவிடக்கூடும். அவ்வேளையில் குருவின் சொல்லுக்குள்ள மதிப்பே படகுக்குப் பெருஞ்சுமை ஆகிவிடுகின்றது. பிழைப்புக்காகப் படகோட்டும் ஏழை, ஊர்ப்பெரியவர்களின் முன் "முடியாது" என்று சொல்லத் தயங்குவார். அவரை அந்த இக்கட்டில் நிறுத்துவது நீதியன்று.

எனவே முந்திய நாளே ஒரு காரியம் செய்யுங்கள். "வேண்டாம்" என்று சொல்லும் அதிகாரத்தை ஒருவரிடம் ஒப்படைத்து, அதை எல்லார் முன்னிலையிலும் அறிவியுங்கள். அவர் மறைக்கல்வி ஆசிரியையாக இருக்கலாம். மீனவக் குடும்பத்து இளைஞராக இருக்கலாம். நாளைக் கைவிடவும், படகைத் திருப்பவும், ஏறியவரை இறக்கவும் அவர் சொல்லே முடிவு. பங்குத்தந்தையும் அதற்குக் கட்டுப்பட்டவர். ஓட்டுநர் "போதும்" என்றால் அதுவும் அவ்வாறே.

அப்படியானால் அந்த இரண்டு பிள்ளைகள்? அவர்கள் வீட்டுக்குத் திரும்பிச் செல்ல வேண்டியதில்லை. லூக்கா நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பேதுருவின் வலை கிழியுமளவு மீன் அகப்பட்டது. அப்போது அவர்கள் எல்லாவற்றையும் ஒரே படகில் திணித்துக்கொள்ளவில்லை. மற்றப் படகிலிருந்த தோழர்களைச் சைகைகாட்டி அழைத்தார்கள். இரண்டு படகுகளும் நிரம்பி மூழ்கும் நிலையில் இருந்தன என்கிறார் நற்செய்தியாளர். ஆண்டவர் அருளிய கொடையேயானாலும் படகுக்கு எடை எடைதான். அருள் இயற்கையின் அளவுகளை அழிப்பதில்லை. ஆகவே இன்னொரு படகு அமர்த்துங்கள். அதற்குப் பணமில்லையெனில் இருமுறை செல்லுங்கள். முதற்குழு நீரில் இருக்கையில் மறுகுழு கரையில் பறவைகளை இனங்காணட்டும், செபமாலை சொல்லட்டும், காலையுணவு ஆயத்தம் செய்யட்டும். இருமுறை செல்லும் நேரமில்லையெனில் பயணத்தை ஒரு மணி நேரமாகச் சுருக்குங்கள். பயணம் சுருங்கட்டும், பிள்ளைகளின் தொகை சுருங்க வேண்டாம்.

இதிலே மற்றொரு நீதியும் அடங்கியுள்ளது. கட்டணம் தரமுடியாத வீட்டுப் பிள்ளை, கால் ஊனமுற்ற பிள்ளை, "பெண் பிள்ளைக்குப் படகு எதற்கு" என்று வீட்டில் நிறுத்தப்படும் சிறுமி - இவர்கள் திட்டத்தின் தொடக்கத்திலேயே நம் கணக்கில் இருக்கவேண்டும். கடைசியில் நினைவுக்கு வருபவர்களே "இன்னும் ஒருவர்தானே" என்று படகில் திணிக்கப்படுகின்றனர், அல்லது கரையில் கைவிடப்படுகின்றனர். வின்சென்ட் தே பவுல் சபையார் முன்கூட்டியே அமைதியாக ஆவன செய்யட்டும். யார் பணம் தந்தார், யார் தரவில்லை என்பது பிள்ளைகளுக்குத் தெரியவேண்டாம்.

ஏறும்போதும் எண்ணுங்கள், இறங்கும்போதும் எண்ணுங்கள், வண்டியில் அமர்ந்தபின் மறுபடியும் எண்ணுங்கள். உயிர்த்த ஆண்டவரைக் கரையில் கண்ட பேரின்ப வேளையிலும், வலையில் இருந்த மீன்கள் 153 என்று யோவான் நற்செய்தி எண்ணிக் குறித்துள்ளது. மீனுக்கே கணக்கு இருந்ததென்றால், நம்மை நம்பித் தாய்தந்தையர் அனுப்பிய பிள்ளைகளுக்குக் கணக்கு வேண்டாமோ?

"கடவுள் காப்பார் சாமி, இவ்வளவு யோசித்தால் எங்கும் போகமுடியாது" என்று சிலர் சொல்லக்கூடும். கடவுள் காப்பார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கோவில் உச்சியிலிருந்து குதித்தால் வானதூதர் தாங்குவர் என்று ஆண்டவரிடம் சொன்னவன் யார் என்பதை நினைவில் கொள்ளுங்கள். இறைவனைச் சோதிக்கலாகாது என்று கூறி ஆண்டவர் அவனை விலக்கினார். உயிர்காப்பு உடையை ஒதுக்கிவிட்டுச் செபமாலையை மட்டும் கையில் பிடிப்பது விசுவாசமன்று. இரண்டையும் கொள்வதே விசுவாசம். கடவுள் நமக்கு அளித்த காவல்களுள் முதன்மையானது நம் அறிவே.

அந்தக் காடே இதற்குச் சான்று பகரும். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, ஆழிப்பேரலை நம் கரையை அடித்தபோது, பிச்சாவரத்து மரங்களுக்குப் பின்னால் அமைந்திருந்த சில சிற்றூர்கள் மற்ற ஊர்களைவிடக் குறைந்த சேதத்தோடு தப்பின. அலை வந்த காலையில் யாரும் அம்மரங்களை நட்டுவிடவில்லை. நெடுங்காலமாகச் சேற்றில் வேரூன்றி, ஒன்றோடொன்று பின்னி நின்றதால் அவை அன்று தடுப்பாயின. முன்யோசனையும் அவ்வாறே. ஆபத்து வந்தபின் அதைத் தேடினால் கிடைக்காது. அமைதியான நாளில், யாரும் பாராட்டாத வேளையில், அது வேரூன்ற வேண்டும்.

பிரியமான பெற்றோரே, இவ்வாண்டு உங்கள் பங்கிலிருந்து பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது அஞ்சித் தடுக்காதீர்கள், மகிழ்ச்சியோடு அனுப்புங்கள். ஆனால் அனுப்புமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: ஒரு படகில் எத்தனை பேர்? எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள்? "வேண்டாம்" என்று சொல்ல உரிமையுள்ளவர் யார்? இம்மூன்றுக்கும் தெளிவான பதில் சொல்ல இயலாதவர் எவராயினும், அவர் பங்குத்தந்தையே ஆயினும், உங்கள் பிள்ளையை அவரோடு அனுப்பவேண்டாம். இதைக் கேட்பது குருவை அவமதிப்பதாகாது. அவருடைய பொறுப்பில் நீங்களும் பங்கேற்பதாகும்.

படகேறுமுன் ஒரு சிறு செபம் சொல்லுங்கள். கரையேறியபின் நன்றி செபத்தையும் மறவாதீர்கள். துடுப்பிட்ட ஓட்டுநர்க்கும் பிள்ளைகளைக்கொண்டே நன்றி சொல்லச் செய்யுங்கள்; அவருக்கும் காலையுணவில் ஒரு பங்கு இருக்கட்டும்.

காற்றையும் கடலையும் அடக்கிய ஆண்டவர் உங்கள் குடும்பங்களையும், உங்கள் குழந்தைகளின் ஒவ்வொரு பயணத்தையும் ஆசீர்வதிப்பாராக.